கொடிக்கயிற்றில் ஒரு சிவப்பு கிளிப்

மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியத்தையாவது செய்து முடிப்பது என்று அன்று காலை சபதம் எடுத்தேன். பெரிய காரியமில்லை. வீட்டுக் கொடிக்கயிற்றைத் திருடுவது.

நான் இயற்பியல் வாத்தியார். மூன்றாவது பீரியடில் கல்வி அதிகாரி அம்மா வந்து என் வகுப்பில் உட்காரப் போகிறார். போன தடவை அலையைப் பற்றி நாற்பது நிமிடம் வாயாலேயே பேசினேன். 'பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். இன்னொரு முறை அப்படி எழுதினால் பத்தாம் வகுப்பு என் கையை விட்டுப் போய்விடும்.

கயிற்றை அவிழ்த்துப் பைக்குள் திணித்தேன்.

"ஏங்க, கொடி எங்க?"

"அறுந்துபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"நேத்துதானே புதுசா கட்டினேன்?"

"காத்து பலமா அடிச்சுது."

"எனக்கு மட்டும் அடிக்கலையே! சரி, ஏன் இப்படி வேர்க்குது? போய் முகம் கழுவிட்டு வாங்க."

கழுவினேன். சொன்னதைச் செய்தே பழகிவிட்டது.

வகுப்பில் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை உதறினேன். அலை ஓடியது. "அலைதான் போகுது, கயிறு போகல" என்றேன்.

"இல்ல சார், கயிறுதான் ஓடுது!" என்றது மொத்த வகுப்பும். அதிகாரி அம்மா பேனாவைத் திறந்தார். நான் மறுபடியும் கயிற்றை உதறினேன்.

முதல் பெஞ்சுப் பெண் திடீரென்று கத்தினாள். "சார், அந்தச் சிவப்பு கிளிப்பைப் பாருங்க! நின்ன எடத்துலயே மேலயும் கீழயும் குதிக்குது. ஜன்னல் பக்கம் போகவே இல்ல!"

கயிற்றின் நடுவே ஒரு துணி கிளிப். அவசரத்தில் நான் கவனிக்கவே இல்லை. 'அருமையான ஏற்பாடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி அம்மா.

வீட்டுக்கு ஓடினேன். "கிளிப்பை நீயா மாட்டினே?"

"நீங்க முகம் கழுவப் போனப்போ. நாலு நாளா குளிக்கிறப்போ பாடம் ஒப்பிச்சீங்களே, எனக்கே புரியல. கொடியில கிளிப் ஆடறதைப் பாத்துத்தான் புரிஞ்சுது. பிள்ளைங்களுக்கும் புரியட்டுமேன்னு."

கண் கலங்கிவிட்டது. இவள் இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்! "உனக்கு என்ன கைம்மாறு செய்யறது?"

"ரெண்டு வாளி ஈரத்துணி இருக்கு."

"இதோ, கயித்தைக் கட்டிடறேன்!"

"அதான் அறுந்துபோச்சே. நாலாவது மாடி அக்கா கொடியில எடம் கேட்டு வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணா கொண்டு போங்க, கசங்காம."

அன்று மாலை முழுக்க அந்தக் கிளிப்பைப் போலவே மேலும் கீழும் போய்வந்தேன். ஓர் அடிகூட முன்னேறவில்லை.