தூங்காச்சாமி தலையாட்டினார்

பன்னிரண்டு வருடமாகக் கண் மூடாத மகான் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். அவரைப் பார்ப்பதற்காக ஊரே தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, விடியற்காலையிலேயே வரிசையில் வந்து நின்றது.

மூடிக் கிடந்த சினிமா கொட்டகையில் தரிசனம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்த அப்பாக்கள் நின்றார்கள். கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கி வழியும் கடைக்காரர்கள் நின்றார்கள். தான் பேச ஆரம்பித்தாலே வீட்டுக்காரர் தூங்கிவிடுகிறார் என்று தையல்கடை அம்மாள் ஒருத்தி குறைபட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் குறையை முன்னால் இருந்தவரிடம் ஒரு முறை, பின்னால் இருந்தவரிடம் ஒரு முறை சொன்னாள். இரண்டு பேருமே கொட்டாவி விட்டார்கள்.

சாமி மேடையில் சோபாவில் அமர்ந்திருந்தார். முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி.

"சாமியோட பார்வை நேரா பட்டா நீங்க தாங்க மாட்டீங்க. அதுக்குத்தான் கண்ணாடி" என்றார் பட்டு ஜிப்பா போட்ட சீடர். என்ன கருணை பாருங்கள், நம் நன்மைக்காக அவர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

சாமி பேச மாட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தலை மெல்ல இறங்கும், பிறகு நிமிரும்.

"ஆட்டிட்டாருன்னா ஆமாம்னு அர்த்தம். உத்தரவு ஆயிடுச்சு, காப்பை வாங்கிக்கோங்க" என்பார் சீடர். செம்புக் காப்பு. கையில் போட்டால் தூக்கம் அண்டாது. ஒரே நிபந்தனை, காப்புப் போட்டவர் டாக்டர் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. மருந்து வாடை பட்டால் சக்தி போய்விடுமாம்.

அந்த வரிசையில் ஒரு பஸ் டிரைவரும் நின்றார். துணைக்கு அவருடைய கண்டக்டர். இருவரும் பதினொரு வருடமாக ஒரே வண்டி. ஒரு மாதமாகவே, சாப்பாடு முடிந்து வாய்க்கால் ஓரத்து நேர்ச்சாலைக்கு வந்தால் டிரைவருக்குக் கண் சொருகியது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு, டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று மணி வண்டியில்தான் கண்டக்டரின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவாள். பயப்படாமல் என்ன செய்வார் பாவம்.

"டாக்டரைப் பாக்கலாம்ணே" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கிட்டு வீட்டுல உக்காருன்னுடுவார்டா. ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார் டிரைவர். சாமி தலையாட்டினார், காப்புக் கைக்கு வந்தது.

அதிசயம் என்னவென்றால், காப்பு வேலை செய்தது. மூன்று நாள் டிரைவர் புது மாப்பிள்ளை போல மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கொட்டாவி கிடையாது. பயணிகளுக்கெல்லாம் காப்பின் பெருமை சொன்னார். கண்டக்டருக்கே கொஞ்சம் சந்தேகம் தட்டியது, நாம்தான் முட்டாளோ என்று.

நாலாம் நாள் மூன்று மணி வண்டி வாய்க்கால் சரிவில் இடது சக்கரத்தை இறக்கியது. கண்டக்டர் ஊதிய விசிலில்தான் டிரைவர் விழித்தார். வண்டி நின்றது. மகள் முன் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை கண்டக்டருக்கு வீட்டுக்குப் போயும் ஆறவில்லை.

"காப்புக்குச் சக்தி குறைஞ்சிடுச்சாம்டா. இன்னொண்ணு சேத்துப் போடணுமாம்" என்றார் டிரைவர்.

"ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்னு சொல்லுவாங்க. உங்க காப்புக்கு மூணே நாள். புதுச் செருப்பு வாங்கிக் குடுத்திருந்தாலும் நீங்க மூணு நாள் முழிச்சுத்தாண்ணே இருந்திருப்பீங்க."

"வாயைக் கழுவு. சாமி உத்தரவில்லாம டாக்டர்கிட்ட வரவே மாட்டேன்."

இரண்டாம் காப்புக்குப் போனபோது கூட்டம் தள்ளிய தள்ளில் கண்டக்டர் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து தெரிந்தது சாமியின் பிடரி. பதினொரு வருடமாக எத்தனையோ பிடரிகளைப் பார்த்தவர் அவர். விழித்திருப்பவன் தலையாட்டினால் ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகம். தூங்குகிறவன் தலை மட்டுந்தான் மெதுவாகச் சாயும், வெடுக்கென்று நிமிரும். ஜன்னலோர சீட்டில் தினமும் பார்க்கிற காட்சி. கண்டக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சீடர் முறைத்தார்.

"பக்தி முத்திப்போச்சுங்க" என்று சமாளித்துவிட்டு, கையோடு ஒரு விண்ணப்பமும் வைத்தார். "பக்கத்து ஊர்ல புது மடம் திறக்கப் போறீங்களாமே. சாமி எங்க வண்டியிலேயே வரணும். முன் சீட்டு சாமிக்குத்தான்."

ஊர் பார்க்க ஓர் ஊர்வலம் சும்மா கிடைக்கிறது. சீடர் விடுவாரா?

முன் சீட்டு என்பது இன்ஜின் பெட்டியை ஒட்டிய ஒற்றை இருக்கை. டெப்போவில் அதற்குப் பெயர் தொட்டில். அடியில் இதமான சூடு, காதில் ஒரே சீரான உறுமல். அதில் உட்கார்ந்து கால் மணி நேரம் விழித்திருந்த ஆளை டெப்போவில் யாரும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து தொட்டிலில் அமர்ந்தார் சாமி. பக்தர்கள் நெருக்கியதில் சீடர் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்தில் சாமியே இருக்கும் பரவசத்தில் டிரைவர் கண்ணைக் கொட்டாமல் ஓட்டினார்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது, இன்ஜின் மட்டும் ஓடியது. கண்டக்டர் சாமி முன்னால் கைகட்டி நின்றார்.

"சாமி, பன்னிரண்டு வருஷமா நீங்க தூங்கவே இல்லீங்களா?"

தலை மெல்ல இறங்கியது, வெடுக்கென்று நிமிர்ந்தது. பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இந்தக் காப்பு சும்மா தகடுதானுங்களா?"

தலை இறங்கியது, நிமிர்ந்தது. கன்னத்துக்குப் போன கைகள் பாதியில் நின்றன.

"அது வேற அர்த்தம்" என்று பின்னாலிருந்து சீடரின் குரல் வந்தது.

"ஆட்டினா ஆமாம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் கண்டக்டர். "சாமி, எங்க அண்ணன் நாளைக்கே டாக்டரைப் பாக்கலாங்களா?"

சாமி ஆட்டினார். டிரைவர் திரும்பிப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பக்தர்களோடு வண்டியேறியிருந்த தையல்கடை அம்மாளுக்கும் ஒரு கேள்வி இருந்தது. "எங்க வீட்டுக்காரர் தூங்குறது நான் அறுக்கிறதாலயா சாமி?"

சாமி அதற்கும் ஆட்டினார். இந்த முறை இரண்டு தரம்.

அம்மாள் எட்டிக் கண்ணாடியைப் பறித்தாள். உள்ளே இரண்டு இமையும் அழகாக ஒட்டிக்கொண்டிருந்தன. வாயோரம் ஒரு கோடு எச்சில். உற்றுக் கேட்டால் மெல்லிய குறட்டை. கண்டக்டர் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார்.

சாமி துள்ளி எழுந்தார். "ஸ்டாப்பு வந்துடுச்சா?" என்றார். பக்தகோடிகள் அவர் வாயிலிருந்து கேட்ட முதல் அருள்வாக்கு அதுதான். கேட் திறப்பதற்குள் பின்படி வழியாகச் சீடர் இறங்கி ஓடிவிட்டிருந்தார்.

சாமி உத்தரவை மீற முடியுமா? மறுநாள் டிரைவர் டாக்டரிடம் போனார். டாக்டர் கண்ணைப் பார்க்கவில்லை, காப்பைப் பார்க்கவில்லை. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"தூசுத் தும்மலுக்குக் கடையில வாங்கினதுதாங்க. ஒரு மாசமா, காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு மேல ஒண்ணு."

சட்டைப்பையிலிருந்து வந்த மாத்திரை அட்டையைக் கண்டக்டர் வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: தூக்கம் வரும், வாகனம் ஓட்ட வேண்டாம். ஒரு மாதமாக அண்ணன் அந்த எச்சரிக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறார். டாக்டர் மாத்திரையை மாற்றி, ஒரு வாரம் ஓய்வும் சொன்னார். ஸ்டியரிங்கை யாரும் பிடுங்கவில்லை. அடுத்த வாரம் மூன்று மணி வண்டியில், வாய்க்கால் ஓரத்து நேர்ச்சாலையில், கண்டக்டர் மேலே இருந்த கண்ணாடியைப் பார்க்க மறந்தே போனார். மகள்தான் சொன்னாள், "அப்பா, இன்னும் எனக்கு டிக்கெட்டே குடுக்கல."

பத்தே நாளில் கொட்டகைச் சுவரில் புதுச் சுவரொட்டி முளைத்தது. பதினைந்து வருடமாகச் சாப்பிடாத சாமி வருகிறாராம். படத்தின் ஓரத்தில் அதே பட்டு ஜிப்பா.

"இவரு நெசமாவே சாப்பிட மாட்டாராமே தம்பி" என்றாள் தையல்கடை அம்மாள், சில்லறையை நீட்டியபடி. பக்கத்திலிருந்த நாலு பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"அந்தச் சாமியாவது தூங்கிக்கிட்டே தலையாட்டினாரும்மா. நாமதான் முழிச்சுக்கிட்டே ஆட்டுறோம்."