ஓசைதின்னியின் இணைப் படைப்பாளர்

கலையுலகம் இதுவரை கண்டிராத ஒரு சாதனையை ராக் பாடகர் அபிஷேக் முட்டுக்காட்டில் வைத்து நிகழ்த்தினார். ஒரு கோடு கிழிக்காமல், ஒரு வரி எழுதாமல், ஒரு முழு மங்காத் தொடரைப் ‘படைத்தார்’. மங்கா என்றால் ஜப்பானியர்களின் சித்திரக்கதை. அவர்கள் ஒரு பக்கத்தை வரைந்து முடிக்க முதுகு ஒடிய உட்கார்ந்திருப்பார்களாம். அபிஷேக் சாய்ந்து உட்கார்ந்தே முடித்தார். முன்னேற்றம் என்பது இதுதான்.

கூடவே பிரபா என்றொரு பெண்ணும் இருந்தாள். கதை எழுதுவது, பாத்திரங்களுக்கு உருவம் கொடுப்பது, பக்கங்களை வரைவது, பேச்சுக் குமிழிகளில் வசனம் எழுதுவது போன்ற சில்லறை வேலைகளை அவள் பார்த்துக்கொண்டாள்.

பிரபா சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். கைபேசியில் நாம் தொடுகிற குட்டிக் குப்பைத்தொட்டி, குட்டிப் பூட்டு, குட்டி மணி இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் வரைந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை அல்லவா? அந்த யாரோ ஒருவர் அவள்தான். பெயரில்லாமல் வரைவதில் அவளுக்கு நல்ல அனுபவம். இந்தத் தகுதியை அபிஷேக்கின் மேலாளர் அனு முதல் பார்வையிலேயே கண்டுகொண்டாள்.

முதல் ‘படைப்பாலோசனைக் கூட்டம்’ அபிஷேக்கின் வீட்டு மாடியில் நடந்தது. கீழே உப்பங்கழியில் சுற்றுலா வந்த குடும்பங்கள் மிதிபடகை மிதித்து ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அபிஷேக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் தண்ணீரையே பார்த்தார். அனு தன் கைபேசியை ஒலிப்பதிவில் போட்டு மேசையின் நடுவில் வைத்தாள்.

“கடல்,” என்றார் அபிஷேக்.

பிரபா பென்சிலை எடுத்தாள். அடுத்து ஒன்றும் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கடலே அல்ல என்பதையும் யாரும் சொல்லவில்லை.

“அப்புறம் சார்?”

“மேம், ப்ளீஸ்,” என்றாள் அனு தணிந்த குரலில். “அந்த கேப்பை உள்ள வாங்குங்க. அவருக்கு யோசனை அப்படித்தான் வரும்.”

பிரபா இடைவெளியை உள்ளே வாங்கினாள். கீழே ஒரு படகு இன்னொன்றின் மேல் இடித்து, யாரோ யாரையோ திட்டினார்கள்.

“ஒரு பொண்ணு இருக்கலாம்,” என்றார் அபிஷேக். கொஞ்ச நேரம் கழித்து, “இல்லாமலும் இருக்கலாம்” என்று கதையை வளர்த்தார். கடைசியாக அவள் பக்கம் திரும்பினார். “எனக்கு வலி வேணும் பிரபா. பக்கத்துக்குப் பக்கம் வலி.”

“யாருக்கு சார் வலி?”

“அது நீங்க பாருங்க.”

கூட்டம் இனிதே நிறைவுற்றது. அன்றே அனு அனுப்பிய கூட்டக்குறிப்பில் ‘கதை, கரு, உலகம்: அபிஷேக்’ என்று இருந்தது.

மாடிப்படி இறங்கும்போது பிரபா சிரித்துக்கொண்டுதான் இறங்கினாள். தன்னை ஏமாற்றுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அலுவலகத்தில் குப்பைத்தொட்டியின் மூடி எத்தனை டிகிரி திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கக்கூட ஒரு குழு உண்டு. இங்கே ஒரு மனிதர் முழு உலகத்தையும் தூக்கி ‘நீங்க பாருங்க’ என்று கொடுத்துவிட்டார். அலட்சியமாகக் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதானே என்று நினைத்தாள். பிறகு, இப்படி நினைக்கிற ஆளைத்தான் அவர்கள் தேடியிருப்பார்கள் என்றும் நினைத்தாள். இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தன.

கதை அவளுக்குச் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் கிடைத்தது. இடிந்த டச்சுக் கோட்டைக்கு அடியில் ஒரு பூதம். பெயர் ஓசைதின்னி. கரைக்கு வருகிறவர்களின் குரலைத் தின்றுவிட்டு, அந்தக் குரலிலேயே பாடி ஊரை மயக்கும். கருவாடு விற்கும் செங்கம்மாள் என்ற பெண்ணின் குரலையும் அது தின்றுவிடுகிறது. ஊரே பூதத்தின் பாட்டைக் கொண்டாடுகிறது. வாய் திறந்தால் காற்று மட்டும் வரும் செங்கம்மாள், தன் குரலைத் திரும்ப வாங்கக் கோட்டைக்குள் இறங்குகிறாள்.

முதலில் ஓசைதின்னிக்குத் தவளை வாய்தான் வைத்திருந்தாள். பக்கங்கள் போகப் போக முகவாய் கூர்மையானது. முடி தோளில் விழுந்தது. ஒரு நாள் பூதத்துக்குக் கறுப்புக் கண்ணாடி வந்து உட்கார்ந்தது. தன் கை என்ன செய்கிறது என்று புரிந்தபோது பிரபா அழிக்க அழிப்பான் எடுத்தாள். பிறகு அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

அபிஷேக் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“இது நான்தானே?”

“அது… ஓசைதின்னி சார்.”

“செம மாஸ்,” என்றார். “அனு, இதை டீ ஷர்ட்ல போடு.”

கதையில் ஓசைதின்னி யார், என்ன செய்கிறது என்று அவர் கேட்கவில்லை. படிப்பது தன் தூய பார்வையைக் கலைத்துவிடும் என்று ஏற்கனவே ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார்.

பிரபாவின் கணவன் வெங்கடேசன் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சிக்காரன். மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். அவனுக்குச் சந்தேகம் வந்தால் அது பொறியியல் சந்தேகமாகத்தான் வரும்.

“எங்க ஆபீஸ்ல ஒரு குழாய் வளைவுக்குப் படம் போட்டாக்கூட ஓரத்துல மூணு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். இதுல நீ எந்தக் கட்டம்?”

“மூணும் நான்தாங்க.”

“அப்ப அந்தாளு?”

“குழாய் வேணும்னு சொன்னவரு.”

வெங்கடேசன் யோசித்தான். “அதுக்கு எங்ககிட்ட கட்டமே கிடையாதே பிரபா.”

அவள் சிரித்தாள். சிரித்து முடிந்த பிறகும் அந்தக் காலிக் கட்டம் கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுநாள் அனுவிடம் கேட்டுவிட்டாள்.

“அட்டையில என் பேரு வருமா?”

“மேம், பேருங்கிறது ஈகோ,” என்றாள் அனு கனிவாக. ‘அபிஷேக்’ என்ற பெயர் அட்டையில் பாதியை அடைத்து வரப்போவது மட்டும் ஈகோவில் சேராது, அது ‘பிராண்ட்’. “பின் அட்டையில கதைத் தலைப்பும் உங்க பேரும் போட்டுக்கலாம். அங்க யாரும் பார்க்க மாட்டாங்க, உங்களுக்கும் கூச்சமா இருக்காது. யாரோட படைப்புங்கிறதை இப்போதைக்கு ஓப்பனா விட்டுருவோம். வெளியீட்டு விழாவுல, மேடையில, அபி தன் வாயால என்ன சொல்றாரோ, அதுதான் எல்லா பாகத்துக்கும் ஃபைனல். ஓகேவா?”

மின்னஞ்சலிலும் அதையே எழுதி ஒப்புதல் கேட்டாள். அபிஷேக் மேடையில் சொல்லப்போவது என்ன என்பதை அனுவே ஒரு துண்டுச் சீட்டில் அடித்து வைத்திருந்தாள்: ‘இது என் படைப்பு. பிரபா டீமுக்கு நன்றி.’ பிரபாவுக்கு டீம் எதுவும் கிடையாது. ஆனாலும் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொள்ளாவிட்டால் செங்கம்மாள் கோட்டைக்குள்ளேயே கிடப்பாள் என்பதுதான் அவள் பயம்.

அச்சடிக்கும் பொறுப்பு செங்கல்பட்டில் அச்சகம் வைத்திருந்த செங்கல்வராயனிடம் போனது. கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் ஒரே நாளில் அடித்துக் கொடுத்து, இதுவரை ஒரு தடவைகூட மாற்றிக் கொடுக்காதவர் என்று பெயர். பக்கங்களைப் புரட்டியதும் அவர் நெற்றி சுருங்கியது.

“இன்னாம்மா இது, கதை பின்னாடிலேந்து வந்துகினு கீது?”

“ஜப்பான்ல அப்படித்தாண்ணா. வலது பக்கத்துலேர்ந்து படிப்பாங்க. நமக்குப் பின் அட்டைன்னு தெரியுதே, அதுதான் அவங்களுக்கு முன் அட்டை.”

“அவன் ஊர்ல காலைல எழுந்தா ராத்திரி சோறு துன்னுவானா?”

“அபிஷேக் சாரே சொல்லிட்டாருண்ணா. அசல் ஜப்பான் மாதிரியே இருக்கணுமாம். டிவியில சொல்லிட்டாராம்.”

“தம்பி டிவியில வேற சொல்லிக்கிச்சா, சர்தான்.” செங்கல்வராயன் அட்டைப் படங்களை எடுத்து வைத்தார். ஒன்றில் கறுப்புக் கண்ணாடியுடன் அபிஷேக். மற்றதில் செங்கம்மாள், தலைப்பு, பிரபாவின் பெயர். “இதுல எத எங்க போடறது? கல்யாணப் பத்திரிகைல பொண்ணு பேரும் மாப்ள பேரும் இடம் மாறினா வூட்டாண்ட வந்து ஒதப்பானுங்க. தெளிவா சொல்லும்மா.”

பிரபா கைபேசியில் அனுவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். “அனு, இந்தப் புக் வலது பக்கம் திறக்குறதால முன் அட்டை எதுன்னா…”

“மேம், நீங்க ஆர்ட்டை மட்டும் பாருங்களேன்.”

“இல்ல, அபிஷேக் சார் படம் நீங்க சொல்ற பக்கம் போட்டா, அது கடைசி…”

“மேம். பிரிண்டர்கிட்ட நானே பேசறேன். அண்ணா, நம்ம ஊர் புக்குல முன் அட்டை எங்க வரும்?”

“முதுவு இடக்கைப் பக்கம் இருக்கும், மூஞ்சி மேல பாத்துகினு இருக்கும்.”

“கரெக்ட். அந்த மூஞ்சிதான் அபி. அதுக்கு எதிர்ப்பக்கம் மேம் பேரு. உள்ள இருக்கிறதை மட்டும் ஜப்பான்ல எப்படியோ அப்படியே போட்ருங்க.”

தொடர்பு துண்டிக்கப்பட்டது. செங்கல்வராயன் பிரபாவைப் பார்த்தார். அவள் இரண்டு முறை சொல்லியாயிற்று. மூன்றாம் முறை சொல்ல வாய் வரவில்லை. தன் குரலையும் யாரோ தின்றுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் துக்கம் இருக்க வேண்டும். எவ்வளவு தேடியும் சந்தோஷம்தான் அகப்பட்டது.

“சொன்னபடியே போடுங்கண்ணா,” என்றாள்.

வெளியீட்டு விழா மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றின் புல்வெளியில், மாலை வெயிலில் நடந்தது. ஓசைதின்னி டீ ஷர்ட் போட்ட ரசிகர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கைபேசிகளை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். மேடையில் அபிஷேக்கின் ‘கருப்பு உப்பு’ இசைக்குழு தயாராக நின்றது. புத்தகக் கட்டுகளை வண்டியில் கொண்டுவந்த செங்கல்வராயன் முன்வரிசையில் சமோசாவுடன் அமர்ந்திருந்தார். பிரபாவுக்கு மேடையின் ஓரத்தில், அபிஷேக்கின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும் ‘முக்கியப் பொறுப்பு’ தரப்பட்டிருந்தது.

“இந்தத் தொடர் யாரோட படைப்புன்னு இப்போ அபி தன் வாயால அறிவிப்பார்,” என்றாள் அனு ஒலிவாங்கியில். “அதுதான் ஃபைனல்.”

அபிஷேக் வந்தார். மேசையின் மேல் மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார். அவர் முகம் மேலே பார்த்தபடி புத்தகம் கிடந்தது. அனு அடித்துக் கொடுத்த துண்டுச் சீட்டு சட்டைப்பையில் இருந்தது. ஆனால் கலைஞனுக்குத் திடீரென்று ஓர் உந்துதல் வரும் அல்லவா?

“அறிவிக்கிறதுக்கு முன்னாடி,” என்றார், “இந்தக் கதைக்காக நான் எழுதின முதல் வரியை உங்களுக்கு வாசிக்கிறேன். அதுல எல்லாம் இருக்கு.”

தமிழ்ப் புத்தகம் போல் திறந்தார். முழுப்பக்கப் படம். ஓசைதின்னி மண்டியிட்டிருக்கிறது, திறந்த வாயிலிருந்து தின்ற குரல்களெல்லாம் பறவைகளாகப் பறந்து போகின்றன. மேலே ஒரே ஒரு குமிழி. அபிஷேக் கண்ணாடியைக் கழற்றினார். ஆயிரம் மேடை கண்ட கரகரத்த குரலில், வலி ததும்ப வாசித்தார்:

“‘இதுவரைக்கும் நான் பாடினது எதுவும் என்னோடது இல்லை. எல்லாம் அவளோடது. அதோ ஓரமா நிக்கிறாளே, அவளோடது. நான் வாயை மட்டும்தான் அசைச்சேன்.’”

புல்வெளி அமைதியானது. எல்லாத் தலைகளும் மெல்லத் திரும்பின. ஓரமாக, தண்ணீர் பாட்டிலுடன், பிரபா நின்றுகொண்டிருந்தாள்.

அந்த அமைதியை அபிஷேக் மெய்சிலிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். ரசிகர்கள் இன்னொரு முறை கேட்க விரும்புவார்கள் என்று தோன்றியது. கையை நீட்டி, இன்னும் உருக்கமாக, இன்னொரு முறை வாசித்தார். ‘அதோ’ என்ற இடத்தில் அவர் விரல் தற்செயலாகச் சரியான திசையைக் காட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கைதட்டல் எழுந்தது. அவருடைய பாட்டுக்குக்கூட அப்படி எழுந்ததில்லை.

“தம்பி,” என்று குரல் கொடுத்தார் செங்கல்வராயன், சமோசாவை விழுங்கிவிட்டு. “அது கடைசிப் பக்கம். புக்கை அப்டியே திருப்பிப் புடி. முதல் பக்கம் அங்க கீது.”

அபிஷேக் திருப்பினார். செங்கம்மாள் அவரை நேராகப் பார்த்தாள். கீழே ‘பிரபா’ என்று இருந்தது. அவர் என்னவோ சொல்ல வாய் திறந்தார். அதைப் பாட்டு ஆரம்பிப்பதற்கான சைகை என்று நினைத்த டிரம்ஸ்காரர் அடிக்கத் தொடங்கினார். கிடார்கள் சேர்ந்துகொண்டன. அபிஷேக்கின் வாய் அசைந்தது தெரிந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் அவருடைய பெருந்தன்மையைப் புகழ்ந்தன. ‘ஒரு பெண் கலைஞருக்காக மேடையில் மண்டியிட்ட குரல்’ என்றது ஒன்று. அபிஷேக்கும் இரண்டு நாள் அதிர்ச்சிக்குப் பிறகு, எல்லாம் தான் திட்டமிட்டதுதான் என்று பேட்டி கொடுக்கத் தொடங்கினார். புத்தகக் கடைகளில் மட்டும், பின் அட்டையில் இருக்கும் அந்தக் கண்ணாடிக்கடை விளம்பரம் எந்தக் கடையுடையது என்று சிலர் விசாரித்தார்கள்.

மறுபதிப்புக்கு ஏற்பாடானபோது அனு அழைத்தாள்.

“மேம், அந்தக் கடைசிப் பக்கத்தை எடுத்துரலாமா? அது கேரக்டர் பேசற டயலாக்தானே. அபி சொன்னதா எடுத்துக்க முடியாது.”

“மேடையில அவர் வாயால சொல்றதுதான் எல்லா பாகத்துக்கும் ஃபைனல்னு நீங்கதான் மெயில் போட்டீங்க அனு.”

“அப்போ அபி பேரே வராதா? அவர் இணைப் படைப்பாளர், மேம்.”

பிரபா உண்மையாகவே யோசித்தாள். யாருடைய உழைப்பையும் பெயரில்லாமல் விடுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கதையில் அவர் சொன்னது என்று ஏதாவது இருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து தேடிப்பார்த்தாள். கடல் எல்லோருக்கும் பொது. பொண்ணு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரே ஒரு வசனம் மட்டும் அவர் வாயிலிருந்து, ஊரறிய, இரண்டு முறை வந்திருந்தது.

“வரும்,” என்றாள். “அவர் பங்கு எதுவோ அதுக்குக் கண்டிப்பா வரும்.”

இப்போது கடைகளில் கிடைக்கும் பதிப்பின் முதல் பக்கத்தில், வெங்கடேசன் அலுவலகப் படங்களில் இருப்பது போலவே ஓரத்தில் சில கட்டங்கள் உண்டு. கதை: பிரபா. படம்: பிரபா. எழுத்து: பிரபா. கடைசியாக, இதுவரை யாரிடமும் இல்லாத ஒரு புதிய கட்டம், இணைப் படைப்பாளருக்கென்றே தனியாகப் போட்டது.

வாக்குமூலம்: அபிஷேக்.