குடல்கறிக்காரனின் ஒரே வசனம்

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணு. அது போதும்" என்றார் உதவி இயக்குநர்.

ஒரெஸ்தேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோம் நகரின் டெஸ்டாச்சோ சந்தையில் குடல்கறி விற்பவன். ஏழு தலைமுறை ரோமாபுரிக்காரன். சீசர் படத்தில் படைவீரனாக அவனுக்கு ஒரே ஒரு வசனம்: "சீசரே, பாலம் வீழ்ந்தது!" அதைச் சந்தை முழுக்கச் சொல்லிப் பீற்றியாகிவிட்டது. மனைவி அசுந்தா தெருவையே படத்துக்கு அழைத்துவிட்டாள்.

"அப்ப வசனம்?"

"பின்னால வேற ஆள் குரல் குடுப்பாங்க. சீசரே எண்ணிக்கிட்டுத்தான் இருக்காரு, பாரு!"

அமெரிக்காவிலிருந்து வந்த சீசர் முகத்தில் அனல் பறக்க, முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

கேமரா ஓடியதும் ஒரெஸ்தே எண்ணவில்லை. கூவிப் பழகிய தொண்டையால் வசனத்தையே எடுத்து விட்டான். அந்தச் சத்தத்தில் பக்கத்துக் குதிரை மிரண்டு உதைத்ததில் அட்டைத் தூண் ஒன்று செனட்டர்கள் மேல் சாய்ந்தது. இயக்குநர் ஓடிவந்து, அவன் தலைக்கவசத்தை மூக்கு வரை இழுத்துவிட்டு, கேமராவுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார்.

முகம் போச்சு. குரலையாவது காப்பாற்ற வேண்டாமா? மறுவாரம் குரல்பதிவுக் கூடத்தில் குடல்கறிப் பொட்டலத்தோடு போய் நின்றான். பொறுப்பாளர் வடக்கே மிலான் நகரத்துக்காரர். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பேசிக்காட்டச் சொன்னார்.

"என்னய்யா இது, சந்தை இரைச்சல்! ரோமானியன் இப்படியா பேசுவான்?"

"ஐயா, நான் ரோமாபுரிக்காரன்!"

"அதான்யா பிரச்சனை. ரோமானியங்க கௌரவமா பேசணும்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய். காட்டுமிராண்டித் தலைவன் ஒருத்தன் இருக்கான். உன் தொண்டை அவனுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

ஏதோ ஒரு வாயில் தன் குரல் வந்தால் சரி என்று பேசிக்கொடுத்துவிட்டான். டிராமில் திரும்பும்போதுதான் உறைத்தது. சீசரின் முகத்துக்கு நேரே நின்று ரோமைத் திட்டுகிறவனாயிற்றே அந்தத் தலைவன்! சந்தையில் இனி எந்த முகத்தோடு கடை போடுவது?

"படம் குப்பையாம், அசுந்தா. நாம போக வேண்டாம்."

"அட, உங்களுக்குக்கூட வெக்கமா?"

மாலைக்குள் சந்தையில் செய்தி பரவியது. ஒரெஸ்தேவே அடக்கமாகப் பேசுகிறான் என்றால் வேஷம் பெரிசாகத்தான் இருக்கும்! முப்பது பேர் கூட்டம் நூறானது. படம் வெளியான அன்று கசாப்புக்காரர்கள் கடையை அடைத்துவிட்டுப் பகல் காட்சிக்கு வந்தார்கள்.

திரையில் ஒரு முதுகு வந்து, பாலம் வீழ்ந்ததைப் பளபளப்பான குரலில் சொல்லிப் போனது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

"நீ எப்பப்பா வருவே?" என்றார் மீன்காரர் பெப்பே.

ஒரெஸ்தே இருக்கையில் இன்னும் கொஞ்சம் சறுக்கினான். சங்கிலியோடு காட்டுமிராண்டித் தலைவனை இழுத்து வந்தார்கள்.

"பணிந்துவிடு!" என்றார் சீசர்.

"போய்யா! எங்க மண்ணுல நின்னுக்கிட்டு எங்களுக்கே சட்டம் சொல்றியா? வெட்டணும்னா வெட்டு, இந்தக் கழுத்து குனியாது!"

அசுந்தா சடாரென்று திரும்பினாள். "ஏங்க... இது உங்க குரலுதானே?"

ஒரெஸ்தே கண்ணை இறுக மூடிக்கொண்டான். எந்தப் பக்கத்திலிருந்து செருப்பு வருமோ!

வந்தது கைதட்டல். நூறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "அப்படிக் கேளுடா, ஒரெஸ்தே!" என்று பெப்பே பெஞ்சில் ஏறிக் கத்தினார். "என் புருஷன்! என் புருஷன் குரல்!" என்று அசுந்தா அழுதாள், சிரித்தாள், முன் வரிசைக்காரர்களை உலுக்கி உலுக்கிச் சொன்னாள். ஒரெஸ்தேவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"ரோமைத் திட்டினவனுக்கா இவ்வளவு கைதட்டு?" என்றான்.

பக்கத்தில் நின்ற டிக்கெட் கிழிக்கும் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா சீசர் படமாத்தான் பாக்கறேன், தம்பி. அதுல ஒரு நிஜ ரோமாபுரிக்காரன் வாயைத் திறந்து பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்!"