புயல்19 என்கிற சிரில் மாமா எழுதுவது

போட்லிபா,
மார்ச் 12, வியாழக்கிழமை காலை.

அன்புள்ள நேஜாவுக்கு,

மாமா ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அத்தை யெரிட்சாவும் சௌக்கியம். என் முழங்காலும் சௌக்கியம். அதைப்பற்றிப் பின்னால் விவரமாக வருகிறது. உன் அம்மாவுக்குத் தடுமன் விட்டதா? லூப்லியானாவில் இன்னமும் மழைதானா? பல் ஆஸ்பத்திரியில் உன்னை நிரந்தரமாக்கிவிட்டார்களா?

என் தங்கை மகள் கையில் ஒரு செல்போன் இருக்க, நான் ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று நீ வியக்கலாம். நம்முடைய ‘பனிமூலை’ பனிச்சறுக்கு இணைய மன்றத்தின் நிர்வாகி என்ற முறையில் நீ, நான் பொய்ப் பெயரில் புகுந்ததற்காக, திங்கட்கிழமை என் வாயைப் பூட்டிவிட்டாய். ஒரு வாய் இல்லை, என்னுடைய இரண்டு வாய்களையும். முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவன் நான். கடிதத்தை எழுதியவனும் வாங்கியவளும் தவிர வேறு யாரும் நீக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை நீ மன்றத்தை நிரந்தரமாக இரண்டாகப் பிரிக்கப்போவதாக அறிவித்திருக்கிறாய், ஐம்பதுக்கு மேல் ஓர் அறை, முப்பதுக்குக் கீழ் ஓர் அறை என்று. அதைச் செய்யாதே என்று மன்றாடத்தான் இந்தக் கடிதம். பிரிக்கச் சொல்லி முதலில் மனுப் போட்டதே நானும் என் சிநேகிதன் லொய்ஸேயும்தானே என்று கேட்பாய். ஆமாம். அதைத்தான் சொல்லவருகிறேன், பொறு.

டிசம்பரில் நடந்தது உனக்கு ஞாபகமிருக்கும். யாரோ ஒரு மனிதர் ‘சனிக்கிழமை மேல் சரிவில் பனி எப்படி?’ என்று ஒரே வரியில் கேட்டார். மூன்றாவது பதிலில் பேச்சு தலைக்கவசத்துக்குப் போயிற்று, பத்தாவதில் சரிவின் நடுவில் உட்கார்ந்து படம் பிடிக்கிற பிள்ளைகளுக்கு, இருபதாவதில் யோத்தா சூப்புக்கு. யோத்தாவில் புளித்த முட்டைக்கோஸ் போடுவதா, புளித்த டர்னிப் போடுவதா என்று ஆரம்பித்ததும் நூறு பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள். கடைசியில் கேட்ட மனிதர் தானே மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ‘பனி இல்லை’ என்று எழுதினார். தலைப்புக்குச் சம்பந்தமில்லாமல் பேசாதீர் என்று லொய்ஸே அவரைக் கண்டித்தான். அதற்கு நடுவில்தான் அந்தப் பனிமுயல் என்கிற பெண் என் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு, “தாத்தா, ஏன் ரெண்டு காலையும் இப்படி ஒட்டி வச்சுக்கிட்டு ஓட்டுறீங்க? அவசரமா பாத்ரூம் வருதா?” என்று எழுதினாள். எங்கள் காலத்தில் இரண்டு சறுக்குப் பலகைகளுக்கு நடுவில் ஒரு காகிதம் நுழையக் கூடாது, அதுதான் அழகு. அந்த அழகுக்காகத்தான் உன் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். (அவள் இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “நான் பாத்தது உங்க அண்ணனை” என்கிறாள். எழுதுகிறபோது பின்னால் நிற்காதே என்று எத்தனை தடவை சொல்வது.)

அந்த பாத்ரூமுக்காகத்தான் மனுப் போட்டேன். நீயும் மூன்று வாரம் பரீட்சார்த்தமாகப் பிரித்துக் கொடுத்தாய். முதல் நாள் பெரியவர்கள் அறையில் அமைதியென்றால் அப்படியோர் அமைதி. முட்டைக்கோஸ்தான் என்றேன், எல்லோரும் ஆமாம் என்றார்கள். தலைக்கவசம் தேவை என்றேன், ஆமாம் என்றார்கள். தலைக்கவசம் தேவையில்லை என்று போட்டுப் பார்த்தேன், அதற்கும் ஆமாம் என்றார்கள். நான்காம் நாள் முழங்கால் எக்ஸ்ரே படங்கள் வர ஆரம்பித்தன. ஆறாம் நாள் எனக்குக் கை நமைச்சல் தாங்கவில்லை. அந்தப் பக்கம் என்னதான் பேசிக்கொள்கிறார்கள்? நாம் இல்லாதபோது நம்மைத் திட்டுகிறார்களா, அல்லது, கடவுளே, மறந்தே போய்விட்டார்களா? பனிமுயல் இப்போது யாரைக் கேலி செய்கிறாள்? எனக்குப் பொறாமை என்று அத்தை சொல்கிறாள். இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான்.

ஆகவே இளைஞர் அறையில் புயல்19 பிறந்தான். அவன் முதல் செய்தியை நீ இப்போது படித்திருப்பாய், இருந்தாலும் என் கையாலேயே எழுதிவிடுகிறேன்: ‘வணக்கம் நண்பர்களே. நான் பத்தொன்பது வயது இளைஞன். இளமைப் பருவத்திலிருந்தே பனிச்சறுக்கில் ஈடுபாடு உண்டு. தங்கள் உண்மையுள்ள, புயல்.’ இதற்கு சூப்பர்திலென் என்றொரு இளைஞன், ‘மதிப்புக்குரிய புயல் அவர்களுக்கு நல்வரவு’ என்று பதில் போட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் அசந்துபோனேன். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றிலிருந்து தினம் காலையில் காப்பியோடு கணினிப் பெட்டிமுன் உட்கார்ந்தால் அத்தை கேட்பாள், “இன்னிக்கு நீங்க யாருங்க? அறுபத்தெட்டா, பத்தொன்பதா? ரொட்டி வாங்கியாரணும், யாராச்சும் ஒருத்தர் போங்க.”

இனி முழங்கால் விஷயம். இதை யாருக்கும் நான் சொன்னதில்லை, உன் அம்மாவுக்கும் சொல்லாதே. ஜனவரியில் கழுதைமுதுகுச் சரிவில் விழுந்தேன் அல்லவா. முழங்கால் பதினைந்தே நாளில் சரியாகிவிட்டது. ஆறாதது முழங்கால் இல்லை. காலையில் பலகைகளைக் காரில் ஏற்றுவேன், மலைமேல் ஏற்றிப்போகும் நாற்காலி லிஃப்ட் வரை போவேன், அந்த நாற்காலி வந்து பின்தொடையில் இடிக்கப்போகிறதே என்று நினைத்தவுடன் பலகைகளைத் தோளில் தூக்கிக்கொள்வேன். திரும்பிவிடுவேன். வழியில் ரொட்டி வாங்கிக்கொள்வேன், வெளியே போனதற்கு ஒரு காரணம் வேண்டுமே. பிப்ரவரி முழுவதும் எங்கள் வீட்டில் ரொட்டி மிஞ்சிப்போனது. பெரியவர்கள் அறையில் இதை எழுத முடியுமா? அங்கே லொய்ஸே ஒவ்வொரு ஞாயிறும், ‘இன்றும் கழுதைமுதுகை ஏழு தடவை இறங்கினேன், எழுபது வயது என்று யார் சொல்வார்கள்’ என்று போடுகிறான். நாற்பது வருடச் சிநேகிதன். அவன் முன்னால் நான் எப்படிச் சொல்வேன். ஆனால் புயலுக்கு என்ன வெட்கம்? புயல் எழுதிவிட்டான். ‘விழுந்த பிறகு லிஃப்ட் ஏறப் பயமாக இருக்கிறது நண்பர்களே. என்ன செய்வது?’

சூப்பர்திலென் பதில் போட்டான்: “தம்பி, யார்கிட்டயும் சொல்லாத. எனக்கும் ரெண்டு வருஷமா அப்படித்தான். லிஃப்ட்ல மேல போறேன், மலைக் குடிசையில ஒரு தேத்தண்ணி ரம்மோட குடிக்கிறேன், அதே லிஃப்ட்லயே கீழ வந்துடுறேன். ஏழு தடவை. வீட்ல கேட்டா ஓட்டுனேன்னு சொல்லிடுறது.” எனக்குக் கண் கலங்கிவிட்டது, நேஜா. பாவம், இவ்வளவு சின்ன வயதில் இந்தப் பிள்ளைக்கு இப்படியொரு கஷ்டமா என்று.

போன வியாழக்கிழமை குட்டு உடைந்தது. புதிதாகச் சேர்ந்த ஓர் அப்பாவி, எந்த அறையில் கேட்பதென்று தெரியாமல் இரண்டிலும் கேட்டுவிட்டார்: ‘முதல் தடவை பலகை வாங்குகிறேன். என்ன நீளம் வாங்க வேண்டும்?’ இளைஞர் அறையில் முதல் ஆளாக நான் போட்டேன்: ‘கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்குங்கள், பலகை மணிக்கட்டைத் தொட வேண்டும்.’ போட்ட அடுத்த நிமிடம் ஒருவன், ‘சரியாகச் சொன்னார், மணிக்கட்டு.’ இன்னொருவன், ‘மணிக்கட்டேதான், உள்ளங்கை வரை இருந்தாலும் பாதகமில்லை.’ பதினான்கு இளைஞர்களில் பதினொரு பேர் கையைத் தூக்கச் சொன்னார்கள். இந்தக் காலத்துப் பிள்ளை எவனும் கையைத் தூக்கி அளப்பதில்லை என்று உனக்குத் தெரியும். முகவாய்க்கு வந்தால் போதும் அவர்களுக்கு. அப்படிக் கையைத் தூக்கிப் பலகை வாங்கினவன் எல்லாம் இன்று ஓய்வூதியம் வாங்குகிறான். நாங்கள் ஒவ்வொருவரும் அடுத்தவன் பதிலைப் படித்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் ஒருவனுக்கொருவன் நன்றி சொல்லிக்கொண்டோம். அதையும் கெடுத்தான் சூப்பர்திலென். விளக்கமாக இருக்கட்டும் என்று கை தூக்கி நிற்கிற படம் போட்டான், கழுத்துக்கு மேல் வெட்டிவிட்டு. பச்சை ஸ்வெட்டர். முழங்கையில் சிவப்புக் கம்பளி நூலால் தைத்த ஒட்டு. லொய்ஸேவுக்கு அந்த ஒட்டைப் போட்டுக்கொடுத்ததே உன் அத்தைதான்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தபடியே இருந்தேன். சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் ரம் போட்ட தேநீர் ஞாபகம் வந்தது. ஏழு தடவை மேலே போய் ஏழு தடவை உட்கார்ந்தபடியே கீழே வருகிறவன். இரண்டு வருடமாக என் சிநேகிதன் எனக்குச் சொல்ல முடியாததை ஒரு பத்தொன்பது வயதுப் பயலுக்குச் சொல்லியிருக்கிறான். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

அப்படியானால் உண்மையான இளைஞர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வி என்னைத் தின்றுவிட்டது. பெரியவர்கள் அறைக்கு ஓடினேன். அங்கே அந்த அப்பாவியின் கேள்விக்கு ஆல்பின் பதில் சொல்லியிருந்தார். ஆல்பின் என்றால் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், எழுபத்தொரு வயது, சர்க்கரை வியாதி, அடக்கமான மனிதர். இரண்டு வாரமாக எங்களோடு எக்ஸ்ரேக்களைப் பற்றி மிகப் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தவர். அவர் எழுதியிருந்தது: ‘முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவே.’ எழுபத்தொரு வயதுக்காரர் அப்படிச் சொல்லவே மாட்டார்! பழைய செய்திகளைத் தோண்டினேன். முதல் வாரமே ஆல்பின் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “செங்குத்துச் சரிவு உச்சியில நின்னா எனக்குக் கால் ரெண்டும் நடுங்குது. மத்தவங்க எல்லாம் சர்ருனு இறங்கிடுறாங்க, நான் மட்டும் பலகையைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சுக்கிட்டு நிக்கிறேன். உங்களுக்கெல்லாம் நடுங்குனதுண்டா?” அன்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் அவருக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அதற்கும் கீழே ஆல்பின் இன்னொரு வரி எழுதியிருந்தார். முட்டைக்கோஸ் யோத்தா யோத்தாவே அல்ல, பாத்திரம் கழுவின தண்ணீர் என்று. அந்தக் கழுவின தண்ணீரை எனக்குத் தெரியும். டிசம்பரில் பனிமுயல் என் தலையில் கொட்டிய அதே தண்ணீர்.

பனிமுயலுக்குக் கால் நடுங்குகிறது, நேஜா. அதைத் தன் சோட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாமல் பஸ் ஓட்டுநராக வேஷம் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்திருக்கிறாள். நாங்கள் மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டோம். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. யார் பெண், எந்த ஊர், எந்தச் சரிவின் உச்சியில் குனிந்து நிற்கிறாள்? சனிக்கிழமை நம் மன்றத்துக்காரர்கள் எல்லோரும் கூடிச் சறுக்கி, ஒரே அண்டாவில் யோத்தா குடிக்கிற நாள். நீ வெள்ளிக்கிழமை பிரித்துவிட்டால் இரண்டு அண்டா, இரண்டு லிஃப்ட் வரிசை என்று ஆகிவிடும். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், லொய்ஸே குடிசையில். என்னால் அந்த நாற்காலியில் தனியாக ஏற முடியாது. பயப்படுகிற இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்தால் ஏறிவிடுவேன் என்று தோன்றுகிறது. ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கேட்காதே. ஆகையால் மன்றத்தை ஒன்றாகவே வை. வாய்ப்பூட்டைத் திற. அவள் என்ன கேலி வேண்டுமானாலும் செய்யட்டும், இனி நான் கோபப்படமாட்டேன், பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது உன் மாமாவின் வாக்கு.

உன் அம்மாவுக்கு என் அன்பு. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், பல் ஆஸ்பத்திரி உன்னை வைத்துக்கொள்ளட்டும், கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை, அத்தை எடுக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள மாமா,
சிரில் துரோபெட்ஸ்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அத்தை வந்து, காலையிலேயே உனக்குப் போன் போட்டு, “ஏம்மா, ரெண்டு ரூமையும் ஒண்ணாக்கிடு, இந்த மனுஷன் ரொட்டியா வாங்கிக் குவிக்கிறாரு” என்று சொன்னதாகவும், நீ அப்போதே ஒன்றாக்கிவிட்டதாகவும் சொல்கிறாள். நான் நாலு பக்கம் எழுதி முடிக்கிறவரை இதை ஏன் சொல்லவில்லை என்றேன். “ரொம்ப நாளைக்கப்புறம் உக்காந்து எழுதுனீங்க, கெடுப்பானேன்னுதான்” என்கிறாள். போய்ப் பார்த்தேன். வாய்ப்பூட்டும் திறந்திருக்கிறது. முதல் செய்தியே எனக்குத்தான், புயல் எழுதியதையெல்லாம் படித்துவிட்ட பனிமுயலிடமிருந்து: “புயல் தாத்தா! சனிக்கிழமை வர்றீங்கல்ல? லிஃப்ட்ல உங்க பக்கத்துலதான் உக்காருவேன். ரெண்டு காலையும் ஒட்டியே வச்சுக்கோங்க, எனக்கு இடம் நிறைய வேணும். மிட்டாய் மறந்துடாதீங்க. அண்டாவுல முட்டைக்கோஸைப் பாத்தேன்னா, உங்க பலகையை முகவாய் உயரத்துக்கு ரம்பத்தால அறுத்துடுவேன்.”

ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்து, மன்றத்தை உடனடியாக மறுபடியும் இரண்டாகப் பிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் அவளுக்குப் பதில் எழுதி முடிக்கிறவரை பொறு. இப்போதுதான் டர்னிப் வரைக்கும் வந்திருக்கிறேன். மீதியைச் சனிக்கிழமை லிஃப்டில் நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன்.