நான்காம் பத்தில் கூடுதலாக ஒன்று

மதிப்பிற்குரிய மடத்தலைவி அவர்களுக்கு, அதாவது என் மனைவியின் தங்கைக்கு,

இங்கே கடிகாரங்கள் உட்பட அனைவரும் நலம். உன் மடமும் அப்படியே இருக்கட்டும். தலைவிக்கு ‘நீங்கள்’ என்றுதான் எழுத வேண்டும். விஷயம் குடும்பத்தைப் பற்றியது என்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, எவரையும் கலந்தாலோசிக்காமல், உன் அக்காவின் செபமாலையைப் பழுதுபார்ப்பது என்று தீர்மானித்தேன். அறுந்த நூலை அவள் முடிச்சுப் போட்டு ஒப்பேற்றியிருந்தாள். முப்பத்தெட்டு வருடம் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவன் வீட்டில் அப்படியொரு முடிச்சு இருக்கலாமா? அவள் கடைக்குப் போயிருந்தாள்.

எதையும் படித்துவிட்டுத்தான் திறப்பேன். அந்தக் காலத்தில் எழுத்தறிந்த துறவிகள் நூற்றைம்பது திருப்பாடல்களை ஓதினார்களாம். படிக்கத் தெரியாதவர்கள் அதற்கு ஈடாக ஒரே செபத்தை நூற்றைம்பது முறை சொல்லி, ஒவ்வொரு முறைக்கும் ஒரு கூழாங்கல்லைக் கீழே போட்டார்களாம். கல் கனத்தது, கயிற்றில் முடிச்சாயிற்று, முடிச்சு மணியாயிற்று. எண்ணுகிற வேலையை விரலிடம் விட்டுவிட்டு மனதை வேறிடத்துக்கு அனுப்பும் கருவி. எனக்கு அதன் மீது மரியாதை வந்தது. மரியாதை வந்ததால் எண்ணினேன். பத்துப் பத்து மணிகளாக ஐந்து பத்துகள் இருக்க வேண்டும்; நான்காம் பத்தில் மட்டும் பதினொன்று இருந்தது. பிழை என்று முடிவுசெய்து ஒன்றை நீக்கி, மற்றவற்றை மெல்லிய எஃகுக் கம்பியில் கோத்து, இரு முனைகளையும் பற்றவைத்தேன்.

மாலை ஆறரைக்குச் செபம் சொல்லும்போது அவள் விரல் அங்கே வந்து நின்றது.

“இங்க ஒண்ணு இருந்துச்சே.”

கூழாங்கல்லிலிருந்து தொடங்கி விளக்கினேன். முழுவதும் கேட்டாள்.

“அது பிழை இல்ல. அது நீங்க. செபத்துக்கெல்லாம் உக்கார மாட்டேன்னு கல்யாணமான வாரமே சொல்லிட்டீங்க. அப்பதான் உங்க பங்குக்கு ஒண்ணு சேத்துக் கோத்தேன்.”

அதற்கு ஏன் நாலாவது பத்து என்று கேட்டேன்.

“துயர மறையுண்மையில நாலாவது என்னன்னு உங்க புத்தகத்துலயே பாருங்க.”

பார்த்தேன். ஒவ்வொரு பத்துக்கும் இயேசு பட்ட பாடுகளில் ஒன்றை நினைக்க வேண்டுமாம். நாலாவது, சிலுவை சுமத்தல்.

கடிகாரத்தைத் திறந்தால், எதற்கு இருக்கிறதென்று சட்டெனத் தெரியாத ஒரு சக்கரம் இருக்கும். கற்றுக்குட்டி அதைத்தான் முதலில் கழற்றுவான். அவள் கோபிக்கவில்லை. நான்காம் பத்து முடிந்ததும் வெறும் கம்பியைத் தடவிக்கொண்டு கொஞ்சம் நிற்கிறாள், அவ்வளவுதான். கோபித்திருந்தால் தேவலை.

கழற்றிய மணியைக் காணோம், மேசையிலிருந்து உருண்டு போயிருக்க வேண்டும். அலமாரியை நகர்த்தியும் தேடியாயிற்று. உங்கள் அம்மாவின் மாலை உன்னிடம்தான் இருக்கிறது, அதே கறுப்பு மரம். அதிலிருந்து ஒன்றைக் கழற்றி உடனே அனுப்பு. மனம் வராவிட்டால், பத்துதான் சட்டம் என்று மடத்து முத்திரையோடு அவளுக்கு ஒரு கடிதமாவது எழுது.

மடத்துச் சகோதரிகள் எல்லாருக்கும் என் வணக்கம். உங்கள் மாலைகள் அறாமல் இருக்கட்டும்.

உன் அத்தான்

பி.கு.: எதையும் கழற்ற வேண்டாம், கடிதமும் வேண்டாம். மணி என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே இருந்தது. கம்பியைப் பிரித்துச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். “வேணாம், நீங்களே வச்சுக்குங்க. உங்க பங்க இனி நீங்களே சொல்லுங்க” என்றாள். நேற்று மாலை ஆறரைக்கு முன்னறையில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன.