மாப்பிள்ளை ஊரில் ராசா இருந்தார்

நம்மவர்களில் யாருமே தாங்கள் சொல்லும் ஊரில் குடியிருப்பதில்லை. அஜக்ஸில் இருப்பவர் ரொறன்ரோ என்பார். குறொய்டனில் இருப்பவர் லண்டன் என்பார். ஈஃபிள் கோபுரத்தைப் பார்க்க ரயில் மாறி ரயில் ஏறிப் போகவேண்டிய இடத்தில் இருப்பவர் பாரிஸ் என்பார். இதைப் பொய் என்று சொல்லமுடியாது. தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் இதனால் இடைஞ்சலும் இல்லை.

நானும் அப்படித்தான் ‘பாரிஸ் குகன்’ ஆனேன். கனடாவுக்கு வரும் வழியில் ஒன்பது மாதம் பிரான்சில் நின்றேன். நின்றது பாரிசில் அல்ல. மார்ன் ஆற்றங்கரையில் ஷாம்பினி என்ற புறநகர் ஊரில், ஓர் அறையில் ஆறு பேரில் ஒருவனாக. (ஆற்றங்கரை என்று இப்போது பெரிதாகச் சொல்கிறேன். அங்கே ஓர் ஆறு ஓடியது எனக்குத் தெரியவந்ததே கனடா வந்தபிறகு, வரைபடத்தில்.) ரயில் ஏறிப் போய் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவேன், ரயில் ஏறித் திரும்பி வந்து படுப்பேன். நான் கண்ட பிரான்ஸ் அவ்வளவுதான்.

ஆனால் ரொறன்ரோவில் இருபது வருடமாகப் பாரிஸ் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் தீர்த்துவைத்தவன் நான். எந்த மாதம் போகலாம், எந்த ரயிலில் பொக்கற்றைப் பொத்திப் பிடிக்கவேண்டும், எல்லாம் சொல்வேன். எனக்குத் தொழில் லிப்ட் திருத்துவது. நாள் முழுக்க கட்டடங்களின் அடியில் குழிக்குள் நிற்கிறவனிடம், மேலே வந்ததும் நாலு பேர் ஏதாவது கேட்டால் வாய் சும்மா இருக்குமா?

இருந்திருக்கவேண்டும்.

என் மனைவியின் அக்கா இந்திரா மச்சாள் ரொறன்ரோ மல்வேர்னில் இருக்கிறார். கணவர் போனபிறகு தனியாளாக நின்று மகள் அபியை வளர்த்து நேர்ஸ் ஆக்கியவர். அந்த அபிக்கு, பிரான்சில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் நிரோஜன் என்ற பெடியனைப் பிடித்துவிட்டது. அவனுக்கும் பிடித்துவிட்டது. மிச்சம் இருந்தது நம் சடங்கு ஒன்றுதான், விசாரிப்பு.

பெடியனின் பெற்றோருடைய யாழ்ப்பாணத்து ஊரை மச்சாள் இரண்டு தொலைபேசி அழைப்பில் விசாரித்து முடித்தார். பிரெஞ்சு ஊர்தான் பாக்கி. சென் ஆற்றின் கரையில், பாரிசுக்குத் தெற்கே, சுவாசி-லெ-ருவா. “குகன், என்ர பிள்ளை போய் இருக்கப்போற இடம் என்னெண்டு தெரியாமல் நான் ஓம் சொல்லமாட்டன். நீங்கள் பாரிசில இருந்தனீங்கள். விசாரிச்சுச் சொல்லுங்கோ” என்றார்.

அன்றே அபி எனக்குத் தனியாக போன் எடுத்தாள்.

“சித்தப்பா, ப்ளீஸ். நல்ல பெடியன், நல்ல இடம். ஜஸ்ட் அவ்வளவுதான் சொல்லோணும். நோ எக்ஸ்ட்ராஸ், ஓகே?”

“நீ யோசிக்காத பிள்ளை. சித்தப்பா இருக்கிறன்” என்றேன்.

விசாரிப்பு என்றால் அங்கே இருக்கிற யாரையாவது பிடித்து, பெடியன் குடிக்கிறவனா, வேலையில் நிலைக்கிறவனா என்று கேட்பது. நான் அதைச் செய்யவில்லை. பெடியனை விட்டுவிட்டு ஊரை விசாரித்தேன். ஒரு கிழமை முழுக்க, குழிக்குள் நின்றபடி, போனில் சுவாசியின் பூர்வீகத்தைப் படித்தேன். சாதாரணப் புறநகர் என்று நினைத்த இடத்தில் ராசா, மாளிகை, பீங்கான் தொழிற்சாலை, ரயில் பாதை, வெள்ளம் என்று வந்துகொண்டே இருந்தது. ஆற்றங்கரை ஊர்களுக்கு இப்படி ஒரு சரித்திரம் இருக்குமென்று தெரியாமல் ஒன்பது மாதம் கோப்பை கழுவியிருக்கிறேனே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு படங்களுடன் ஒரு விளக்கவுரை தயாரித்தேன்.

மாப்பிள்ளையின் தாய் தகப்பன், சறோ அக்காவும் தவம் அண்ணையும், வேறொரு கல்யாணத்துக்காக ரொறன்ரோ வந்திருந்தார்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் மச்சாள் வீட்டுக்கு வந்தார்கள். ரோல்ஸ், வடை, தேத்தண்ணி. அபி என் கையிலிருந்த வயரைக் கண்டதும் முகம் மாறினாள்.

“சித்தப்பா, வாட் இஸ் தட்?”

“ரிவியில ஒரு சின்ன அறிமுகம், பிள்ளை.”

முதல் படம் பதினைந்தாம் லூயி. “மச்சாள், இந்த ஊரின்ர பேரிலேயே ராசா இருக்கிறார், ‘ருவா’ எண்டால் ராசா. இவர் வேட்டைக்கு வந்து தங்கிற மாளிகை இங்கதான் இருந்தது. தோட்டம் ஆத்தங்கரை மட்டும் போகுமாம்” என்று தொடங்கினேன். மச்சாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாளைக்கு யார் யாருக்கு போன் எடுத்து இதைச் சொல்வது என்று அவர் மனதுக்குள் வரிசை போடுவது எனக்கே தெரிந்தது. தவம் அண்ணையும் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். (அவருக்கும் இது புதுச் செய்தி.)

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் குடும்பத்தில் ஒரு பெரிய மனிதன்.

“மாளிகை இப்பவும் இருக்கோ?” என்று மச்சாள் கேட்டார்.

“இல்லை. புரட்சிக்குப் பிறகு வித்து, இடிச்சுப்போட்டாங்கள்.”

“அப்ப ராசா?”

“இவர் முதலே செத்திட்டார். பிறகு வந்த ராசாவின்ர தலையைத்தான் வெட்டினவை.”

“ஆர் வெட்டினது?”

“சனம்தான்.”

மச்சாள் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு மாப்பிள்ளையின் தாய் தகப்பனை ஒரு பார்வை பார்த்தார். தவம் அண்ணை பதறிப்போய், “அப்ப நாங்கள் அங்க இல்லை. தொண்ணூறிலதான் போனனாங்கள்” என்றார்.

எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. தொழிற்சாலைகளைக் காட்டினேன், ரயில் வந்ததைக் காட்டினேன், மாடிக் குடியிருப்புகள் முளைத்ததைக் காட்டினேன். அதோடு நிறுத்தாமல் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்தாம் ஆண்டுக்குத் திரும்பிப் போனேன். சென் ஆறு பெருகி, தெருவுக்குள் தொப்பி போட்ட துரைமார் வள்ளத்தில் போகிற படம். இருபத்திரண்டிலும் எனக்குப் பிடித்த படம் அது.

“அண்ணை, இது உங்கட தெருவாயும் இருக்கலாம்” என்றேன், பெருமையாக.

“கடவுளே! உது திரும்பவும் வருமோ?” என்றார் மச்சாள்.

“ஒரு நாளைக்கு வரும் எண்டுதான் படிச்ச ஆக்கள் சொல்லுகினம்.”

தவம் அண்ணை என்னைக் காப்பாற்றப் பார்த்தார். “அக்கா, நான் முப்பது வருசமா உந்த ஆத்தைக் கடந்து வேலைக்குப் போறன். ஒரு நாளும் பயப்பிடேல்லை. எங்கட வீடு ஒன்பதாம் மாடியெல்லோ. அங்க தண்ணி வராது.”

மச்சாளுக்கு மூச்சு வந்தது. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். “குகன், வெள்ளம் வந்தால் லிப்ட் வேலை செய்யுமோ?”

குசினி வாசலில் நின்ற அபி வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்டேன். ஆனால் பிரான்சைப் பற்றி என்னிடம் ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள், லிப்டைப் பற்றி அந்தக் குடும்பத்தில் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. குழிக்குள் தண்ணீர் இறங்கினால் என்னென்ன பழுதாகும், எதை எதைக் கழற்றிக் காயவைக்கவேண்டும், உதிரிப்பாகம் எவ்வளவு சுணங்கி வரும் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். “எப்பிடியும் ரெண்டு மூண்டு மாசம் எடுக்கும்” என்று முடித்தேன்.

“மூண்டு மாசம் வயித்துப் பிள்ளையோட என்ர பிள்ளை ஒன்பது மாடி ஏறி இறங்கிறதோ!”

நாள்கூடக் குறிக்காத கல்யாணம். ஒரு நிமிடத்துக்குள் மச்சாள் அபியைக் கட்டிக்கொடுத்து, கர்ப்பமாக்கி, ஊருக்குள் வெள்ளத்தையும் விட்டுவிட்டார்.

சறோ அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். “எங்களைப் பார்த்தால், வீட்டுக்கு வந்த பிள்ளையை வெள்ளத்தில விடுற ஆக்கள் மாதிரியோ இருக்கு?” என்று மச்சாளிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “தம்பி சுவாசியில எவ்வளவு காலம் இருந்தனீங்கள்?”

“சுவாசியில இல்லை அக்கா. ஷாம்பினியில.”

“அது வேற ஆறெல்லோ?”

“ஓம். வேற ஆறு.”

“எவ்வளவு காலம்?”

“ஒன்பது மாசம்.”

அவர் கைப்பையைத் தேடி எடுத்தார். “எழும்புங்கோப்பா, போவம்” என்றார். தவம் அண்ணை கடித்த வடையோடு எழும்பினார். அந்தப் பிள்ளை கேட்டது ஒரே ஒரு வசனம். அதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“அன்ரி, இருங்கோ!” அபி ஓடிவந்தாள். “அம்மா, ஸ்டொப். நான் அங்க போகவே போறேல்லை. நிரோ இங்க வாறான். பேப்பர்ஸ் எல்லாம் ஓகே ஆயிட்டுது. வேலையும் கிடைச்சிட்டுது.”

மச்சாளின் முகம் பளிச்சென்று ஆனது. சறோ அக்கா எழும்பின இடத்திலேயே திரும்ப உட்கார்ந்தார்.

“எனக்கு அவன் சொல்லேல்லை.”

“நீங்கள் திரும்பிப் போனாப் பிறகு, நேர சொல்லத்தான் வெயிட் பண்ணினவன், அன்ரி. சொறி.”

ரிவியில் துரைமார் இன்னும் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ரிமோட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. எழும்பிப் போய் வயரைப் பிடுங்கினேன்.

சறோ அக்கா வெறும் திரையைப் பார்த்தபடி சொன்னார். “நான் ஒவ்வொரு நாளும் அந்த ஆத்தங்கரையில நடக்கிறனான். அவனைச் சின்னனில தள்ளுவண்டிலில வைச்சுத் தள்ளிக்கொண்டு போன பாதை. கரையில படிக்கட்டு இருக்கு. மழைக்குத் தண்ணி ரெண்டு படி, மூண்டு படி ஏறும். பிறகு தானா இறங்கிப் போயிடும். அவ்வளவுதான் தம்பி உங்கட வெள்ளம்.”

ஒரு கிழமை படித்ததில் இது எங்கேயும் இருக்கவில்லை. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா” என்றேன். அவர் கேட்டாரோ தெரியாது. மச்சாள்தான் எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார். “நான் எனக்கு நடக்கும் எண்டு பயந்தது உங்களுக்கு நடந்திட்டுது” என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். தவம் அண்ணை மிச்ச வடையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

கல்யாணம் நடந்தது. நிரோஜனும் அபியும் இப்போது இங்கே மில்லிக்கனில் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் நடந்த எந்த விசாரிப்புக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் மனைவி விடமாட்டாள்.

கல்யாணம் முடிந்த முதல் மாரிகாலத்தில் என் போனுக்கு ஒரு படம் வந்தது. கல் படிக்கட்டு, மண் நிறத்தில் தண்ணீர். கீழே சறோ அக்கா எழுதியிருந்தார்: “தம்பி, ரெண்டு படி.” சுகம் விசாரிப்புக்கூட இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாரிக்கும் அனுப்புகிறார். எனக்குத் தருகிற தண்டனை என்றுதான் நினைத்தேன், தண்டனைதான். மகனுக்கு அனுப்பமாட்டாராம். அனுப்பினால் பயந்து ரிக்கற் போட்டு வந்துவிடுவான் என்கிறார்.

இங்கே எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற நாட்களில், சோறு போட்டுக்கொண்டே மச்சாள் சத்தமாகக் கேட்பார். “குகன், சுவாசியில தண்ணி எத்தினையாம் படி?” வீடே சிரிக்கும். காரணம் தெரியாத சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கும். நிரோஜனும் சிரிப்பான். பிறகு நான் கை கழுவப் போகிற இடத்துக்கு மெல்ல வந்து, “சித்தப்பா, உண்மையா எத்தினை படி?” என்று கேட்பான். போனை எடுத்துக் கொடுப்பேன். படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்ப்பான். கீழே ஓரத்தில் ஒரு சப்பாத்தின் முன்பக்கம் தெரியும்.

“அம்மா ஏன் உவ்வளவு கிட்டப் போய் நிக்கிறா?” என்று என்னைத்தான் ஏசுவான்.