பயணம் சொன்னவன்

அபிசீனியாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருக்க வேண்டிய கிதிர் முகம்மது, குற்றாலம் மெயின் அருவிக்குப் பக்கத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் குந்தியிருந்தான். பாறைக்கு அந்தப் பக்கம் அவனுடைய வருங்கால மாமனார் முகம்மது கனி, உச்சந்தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, அவரு போயிட்டாரா?"

"இப்பந்தானே எண்ணெய் வச்சிருக்காரு. ஊற வேண்டாமா?" என்றார் மாடக்கண்ணு. அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில்.

1959-ஆம் வருஷத்து சீசன். கிதிர் அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தான். அபிசீனியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேலை கிடைத்தது. தென்காசியில் அது சின்ன விஷயமா? வழக்கப்படி வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னான். நாற்பத்து மூன்று வீடு. அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, கட்டித் தழுவி, அழுது, நெய்ச்சோறு சாப்பிட்டு, கடைசி நான்கு வீடுகளில் சாப்பிட முடியாமலும் அழுதான். ஸ்டேஷனில் மாலை போட்டு ரயிலேற்றினார்கள்.

ரயில் கடையநல்லூரில் நின்றபோது ஸ்டேஷன் மாஸ்டர் பெட்டி பெட்டியாக அவனைத் தேடிக்கொண்டு வந்தார். தென்காசிக்கு வந்த தந்தியை அங்கேயிருந்து கம்பியில் சொல்லியனுப்பினார்களாம். கப்பல் ஒன்றரை மாதம் தாமதம், பம்பாய்க்கு வர வேண்டாம் என்றது தந்தி.

பயணம் சொன்னவன் அன்று சாயங்காலமே ஊரில் போய் நின்றால் மானம் போகாதா? மானம் போனாலும் பரவாயில்லை, முகம்மது கனியின் மகள் ஷமீம் பானு கைவிட்டுப் போய்விடுவாள். அவளுக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை, வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை வந்தான். முகம்மது கனி அவனுக்கு வாசலிலேயே காப்பி கொடுத்து வழியனுப்பிவிட்டார். சொன்ன சொல் தவறுகிறவனுக்குப் பெண் கிடையாது.

ஆகவே கிதிர், பெற்றவர்களுக்குக்கூடச் சொல்லாமல் குற்றாலத்தில் ஒரு ரூம் எடுத்து, அந்த விலாசத்தைப் பம்பாய்க்குத் தெரிவித்தான். சீசன் கூட்டத்தில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? சீசனில் தென்காசி முழுவதும் குற்றாலத்தில்தான் குளிக்கும் என்பது, பி.ஏ. படித்த அந்த மூளைக்கு இரண்டாம் நாள் காலையில்தான் எட்டியது.

பாறைக்குப் பின்னால் குந்தியிருந்தவனுக்குச் சாரல் மூக்கில் ஏறி அடக்க முடியாத தும்மல் வந்தது. கிதிர் தும்மினான். முகம்மது கனி திரும்பிப் பார்த்தார். அடுத்த கணம் சீயக்காய்ப் பொடியை இரண்டு கையாலும் அள்ளி முகம் முழுக்க அப்பிக்கொண்டு கண்ணை இறுக மூடினார். கிதிர் ஓடி மறையும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை.

"அல்லாஹ் காப்பாத்துனான்," என்றான் கிதிர்.

மறுநாள் முதல், அபிசீனியாக் குளிருக்கென்று தைத்த கம்பளிக் கோட்டையும் மப்ளரையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். எல்லோரும் கோவணமும் துண்டுமாகத் திரிகிற இடத்தில் அதைவிட எடுப்பான வேஷம் கிடையாது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். அந்தக் கோட்டைத் தைத்த டெய்லர் செல்லப்பாவே எதிரில் வந்துவிட்டார். கோட்டின் தோள்பட்டையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குளிக்காமலே வந்த வழியே திரும்பிப் போனார்.

"தான் தைச்ச கோட்டையே தெரியலையே, என்ன டெய்லரு!" என்று கிதிர் நிம்மதியடைந்தான்.

நிம்மதி சாயங்காலம்வரை நிலைத்தது. பிறகு, ஊருக்கு ஒரு கடிதம் போய்விட்டால் சந்தேகமே வராது என்று தோன்றியது. 'கப்பல் ஏறிவிட்டேன் மாமா' என்று எழுதி, ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பம்பாய்க்காரரிடம் அங்கே தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தான். அவருடைய கார் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. நேற்றுவரை அவன் தாமதமானவன் மட்டும்தான். இனிமேல் அகப்பட்டால் பொய்யன்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ரூமுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். இத்தனை கூத்துக்கும் நடுவில், முதல் வகுப்பில் பிள்ளைகள் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. ஒத்திகை பார்க்க ஆள் வேண்டுமே என்று மாடக்கண்ணுவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தான்.

மாடக்கண்ணு கற்பூரம் போலப் பிடித்துக்கொண்டார். ஒரே வாரத்தில் அருவிக்கரை அதிர்ந்தது.

"குட் மார்னிங் சார்! ஆயில் சார்! ப்ளீஸ் சிட் டவுன்!"

"யாருய்யா உமக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தது?" என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்டார்.

"எங்க அபிசீனியா வாத்தியாரு! அந்தா, அந்த மச்சு ரூம்லதான் இருக்காரு!"

ஜன்னலோரம் நின்ற கிதிர் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். தென்காசியே திரண்டு வரப்போகிறது என்று மாலைவரை காத்துக் கிடந்தான். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அருவியில் மதுரைக்காரர், மெட்ராஸ்காரர், மலையாளத்துக்காரர் என்று கூட்டம் நெரிந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூடக் காணோம். கட்டிலுக்கு அடியில் படுத்துக் கேட்ட துஆ பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

ஒருவழியாகப் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. கப்பல் தயார். தென்காசி வழியே போகாமல், செங்கோட்டை, கொல்லம் என்று சுற்றிப் போக ஒரு வாடகைக் கார் பேசினான். மாடக்கண்ணு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூட வந்தார்.

தென்காசி ரோடு வந்து சேருகிற முக்கில் கார் நின்றது. அதை நெருங்கிய கிதிர் சட்டென்று நின்றுவிட்டான். பத்துப் பன்னிரண்டு மாட்டு வண்டிகள், ஒரு பஸ், எண்ணெய்க் கிண்ணமும் துண்டுமாக ஒரு பெருங்கூட்டம். டெய்லர் செல்லப்பா, கூடவே நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும். அத்தனை பேரும் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்து மரங்களை உற்றுப் பார்த்தபடி நின்றார்கள். முன்வண்டியில் முகம்மது கனி, தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். அந்த வண்டியின் திரைக்குள் வளையல் குலுங்கியது. யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

கிதிர் மாடக்கண்ணுவின் கையை இறுகப் பிடித்தான்.

"அண்ணாச்சி, இவங்கெல்லாம் ஏன் இங்கன இப்படி நிக்காங்க?"

"அதுவா சார்? பயணம் சொன்ன புள்ளை முகத்துல முழிச்சு யாரும் சங்கடப்படுத்தப்படாதுன்னு, சீயக்காய் அப்புன மறுநாளே உங்க மாமனாரு ஊர் பூரா சொல்லிட்டாரு. ஒரு மாசமா தென்காசியே குளிக்காம கெடக்கு. நீங்க இன்னைக்குக் கெளம்புதீகன்னு நாந்தான் சொல்லிவிட்டேன். வெரசா கார்ல ஏறுங்க, சீசன் முடியப் போவுதுல்லா!"